ரோட் ரேஸில் கால் பலம் எங்கே கரைகிறது?

கேள்வி இதுதான்: தனியாகச் சைக்கிள் ஓட்டினால் ஈசிஆரில் ஒரு மணி நேரம் 36 கிமீ வேகத்தைப் பிடிக்க முடிகிறது, எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச பவர்) 250 வாட் வருகிறது. ஆனால் 60 கிமீ ரோட் ரேஸில் 45-வது கிலோமீட்டர் வாக்கில் குரூப்பிலிருந்து கழன்றுவிடுகிறேன். கழலாத நாளில் கடைசி ஸ்பிரின்ட்டில் இருபதாவது ஆளாக வந்து சேர்கிறேன். பயிற்சியில் என்னால் எளிதாக விட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள் மேடை ஏறுகிறார்கள். இன்னும் எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும்?

பயிற்சி போதும். வரவு நன்றாகத்தான் இருக்கிறது, செலவில்தான் ஓட்டை.

முதலில் காற்றுக்குப் போகிற கணக்கைப் பாருங்கள். வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் பவர் எட்டு மடங்காகும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, கை ஹூட்ஸில் (பிரேக் லீவர்களின் மேல்பகுதியில்), காற்று வீசாத காலை, சமதளம் என்று வைத்துக்கொண்டால், 36 கிமீக்கு ஏறக்குறைய 240 வாட், 40 கிமீக்கு 315 வாட். வெறும் நான்கு கிலோமீட்டர் கூடியதற்கு 75 வாட். அதே 40 கிமீயில் குரூப்பின் நடுவே ஒழுங்காக வீல் பிடித்து, அதாவது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக் காற்று மறைவில், உட்கார்ந்திருப்பவருக்கு 200, 210 வாட் போதும். அதாவது நீங்கள் தனியாக 36-ல் போகும்போது செலவழிப்பதைவிடக் குறைவாகச் செலவழித்து அவர் 40-ல் போகிறார். காற்றியல் ஆய்வாளர் பெர்ட் ப்ளோக்கன் குழுவினர் 2018-ல் 121 பேர் கொண்ட பெலட்டானை (பந்தயத்தின் பெரிய குரூப்பை) ஆராய்ந்தபோது, நடுவிலும் பின்பகுதியிலும் நல்ல இடத்தில் இருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவரின் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று கண்டார்கள். அதை நம்மூர்க் குரூப்பில் எதிர்பார்க்காதீர்கள். 40, 50 பேர், நடுநடுவே இடைவெளி, ஆளுக்கொரு பாதை. இதில் காற்றுத் தடை 30 முதல் 40 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

இரண்டாவது கணக்கு இதைவிட முக்கியம், ஆனால் பலர் பார்ப்பதில்லை. எஃப்டிபிக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினாலும் உடம்பு சமாளிக்கும். அதற்கு மேலே ஓட்டுவதற்கென்று ஒரு சிறிய கையிருப்பு இருக்கிறது. அமெச்சூர் ஓட்டுநர்களுக்கு அது பெரும்பாலும் 15 முதல் 20 கிலோஜூல். எஃப்டிபிக்கு மேலே போகும் ஒவ்வொரு வாட்டும் ஒவ்வொரு விநாடியும் அதிலிருந்துதான் கழிகிறது. கீழே வந்தால் மெதுவாக நிரம்பும், ஆனால் முழுதாக நிரம்பப் பல நிமிடங்கள் ஆகும். உங்களுக்கு 45-வது கிலோமீட்டரில் தீர்ந்துபோவது இந்தக் கையிருப்பு. அட்டாக் செய்ததால், அதாவது குரூப்பை விட்டு முன்னால் பாய்ந்ததால், தீர்ந்திருந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் யூ-டர்னில்தான் தீர்கிறது.

டிவைடர் உள்ள சாலையில் போய்த் திரும்புகிற பந்தயத்தில் ஒரு யூ-டர்னை நெருக்கமாகப் பாருங்கள். முதல் ஐந்து பேர் 20 கிமீ வேகத்தில் சுற்றி வெளியே வருகிறார்கள், பத்து விநாடியில் மறுபடி 38-ஐத் தொடுகிறார்கள். அதற்குள் பின்னால் நெரிசல். நாற்பதாவது ஆள் பிரேக் பிடித்து, கிட்டத்தட்ட காலை ஊன்றும் நிலைக்கு வந்து, பிறகுதான் திரும்புகிறார். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது முன்வரிசை 40-ல் போகிறது, நடுவில் 60 மீட்டர் கேப். அதை மூட 44-ல் போனால் மணிக்கு 4 கிமீதான் கூடுதல், ஆகவே 54 விநாடி பிடிக்கும். 44 கிமீக்குத் தனியாளாக 410 வாட் வேண்டும். எஃப்டிபி 250 என்றால் மேலே 160 வாட், 54 விநாடிக்கு எட்டரை கிலோஜூலுக்கு மேல். கையிருப்பில் ஏறக்குறைய பாதி ஒரே யூ-டர்னில் போயிற்று. நின்ற நிலையிலிருந்து வேகம் பிடித்த செலவை இன்னும் சேர்க்கவே இல்லை. பந்தயத்தில் நான்கு யூ-டர்ன் இருந்தால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். முதல் பத்தில் இருந்தவருக்கு இது வந்துபோனதே தெரியாது.

ஆகவே யூ-டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே முன்னால் நகரத் தொடங்குங்கள். 500 மீட்டர் இருக்கும்போது முதல் பத்துக்குள் இருக்க வேண்டும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே, கால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கியரை இறக்குங்கள். 50-க்கு 15-ல் (முன்னால் 50 பல், பின்னால் 15 பல்) வந்தால் பின்னால் 21 பக்கம் போய்விடுங்கள். திருப்பத்துக்குள் போனபின் கியர் மாற்றினால் வெளியே வரும்போது எழுந்து நின்று மிதிக்கிற அந்த நொடியில் செயின் சறுக்கும், உங்கள் பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் காலில் எடை, பார்வை வெளியேறும் இடத்தில். வெளியே வந்ததும் முன்னால் உள்ள வீலோடு ஒட்டும்வரை மிதிப்பதை நிறுத்தாதீர்கள். ஐந்து விநாடி அதிகம் வலித்தால் ஐம்பது விநாடி வலிக்காது.

அப்படியானால் முழுப் பந்தயமும் முன்னாலேயே இருந்துவிடலாமா? முன்னால் வேறு, முதலில் வேறு. 50 பேர் கொண்ட குரூப்பில் நல்ல இடம் ஆறிலிருந்து பதினைந்து வரை. முதல் மூன்று இடங்களில் காற்று. முப்பதுக்குப் பின்னால் ரப்பர் மாதிரி இழுபடும், யாராவது விழுந்தாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். சிக்கல் என்னவென்றால், அந்த நடு இடத்தில் யாரும் சும்மா இருக்க முடியாது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஏறி வந்துகொண்டே இருப்பார்கள், நீங்கள் நகராவிட்டால் ஐந்து நிமிடத்தில் வாலில் இருப்பீர்கள். எனவே ஏறுவதற்குச் சரியான நேரத்தைப் பிடிக்க வேண்டும். வேகம் தளர்ந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது ஏறுங்கள், அல்லது வேறொருவர் பக்கவாட்டில் ஏறும்போது அவர் வீலைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். குரூப் 45-ல் நீண்டு ஒற்றை வரிசையாகப் போகும்போது காற்றில் இறங்கி ஏறுவதுதான் பார்க்கிற தவறுகளிலேயே விலை உயர்ந்தது.

வீல் பிடிப்பதில் தூரத்தைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுவார்கள். முன் டயருக்கும் உங்கள் டயருக்கும் 30 முதல் 50 செமீ இருந்தால் நல்லது, புதியவர் ஒரு மீட்டரில் தொடங்கலாம், அப்போதும் கணிசமான மிச்சம் இருக்கும். யாருடைய வீல் என்பது இன்னும் முக்கியம். தோள் அகலமான, உயரமான, ஒரே சீராக மிதிக்கிறவர் பின்னால் இருங்கள். திடீரென எழுந்து நின்று மிதிப்பவர், அடிக்கடி பிரேக் தொடுபவர் பின்னால் எவ்வளவு காற்று மறைந்தாலும் வேண்டாம். பார்வை அவர் டயரில் இருக்கக் கூடாது. இடுப்பு, தோள், அதற்கு முன்னால் இருப்பவர் என்று நீள வேண்டும். நெருங்கிவிட்டால் பிரேக்குக்குப் போகாமல் கொஞ்சம் நிமிர்ந்து மார்பில் காற்று வாங்குங்கள், அல்லது அரை அடி பக்கம் நகருங்கள், கால் சும்மா சுற்றட்டும். உங்கள் முன் சக்கரம் அவர் பின் சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று வருகிற நிலையில் மட்டும் நிற்காதீர்கள். அவர் கொஞ்சம் விலகினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்தான், உங்கள் பின்னால் பத்துப் பேர்.

காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் இதெல்லாம் பாதி வேலைதான். சாலையோரக் கட்சிக்கொடியும் தென்னை ஓலையும் இலவசமாகச் சொல்லும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். காற்று கடலிலிருந்து இடமுன்பக்கமாக அடித்தால், மறைவு முன்னால் இருப்பவரின் நேர்ப் பின்னால் கிடையாது, வலப்பின்பக்கம். எனவே குரூப் வலப்பக்கமாகச் சாய்வான வரிசையில், எச்சலானாக விரியும், டிவைடர் வந்ததும் இடம் தீர்ந்துபோகும். அதற்கு மேல் வருகிறவர்கள் டிவைடரை ஒட்டி ஒற்றை வரிசையில், மறைவே இல்லாமல் தொங்குவார்கள். அந்த வரிசையில் எல்லோரும் வீல் பிடித்திருப்பதாகத்தான் நினைப்பார்கள், ஆனால் எல்லோருமே முழுக்காற்றில் இருப்பார்கள். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்: கடல் வலப்பக்கம், மறைவு இடப்பின்பக்கம், ஆட்கள் ஒதுங்குவது மணல் கிடக்கிற இடது ஓரத்துக்கு. மரமும் கட்டடமும் முடிந்து வெட்டவெளி தொடங்குவதற்கு முன்பே முதல் சாய்வரிசையில் இடம் பிடித்துவிடுங்கள். முடியாமல் போனால் தொங்காதீர்கள். பின்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டு இரண்டாவது சாய்வரிசை கட்டுங்கள். ஐந்தாறு பேர் மாறி மாறி முன்னால் வந்து ஒழுங்காகச் சுற்றினால் அது முதல் வரிசையைவிட அதிகம் பின்தங்காது.

சுற்றும்போது செய்கிற தவறு எல்லோருக்கும் ஒன்றுதான்: முறை வந்ததும் வேகத்தைக் கூட்டுவது. முன்னால் வந்தவுடன் கம்ப்யூட்டரைப் பார்த்து அதே 38-ஐ வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் இறங்குவதால் வாட் தானாகவே ஏறும். வேகம் ஏறினால் இப்போதுதான் புல் (pull, முன்னால் நின்று காற்றை வாங்கும் முறை) முடித்துப் பின்னால் போகிறவர் கடைசி வீலைப் பிடிக்க முடியாமல் கழன்றுவிடுவார், அடுத்த சுற்றில் வேலை செய்ய ஓர் ஆள் குறைவு. 20 முதல் 30 விநாடி போதும். விலகும்போது காற்று வருகிற பக்கமாக விலகி, 50 வாட் குறைத்து, கடைசி ஆள் தோளுக்கு நேராக வரும்போது மறுபடி மிதிக்கத் தொடங்கினால் குலுக்கல் இல்லாமல் ஒட்டிக்கொள்ளலாம். களைப்பாக இருந்தால் ஐந்து விநாடி புல் கொடுத்துவிட்டு விலகுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நடுவில் நுழைந்து முறை வந்ததும் கேப் விடுவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

ஏற்றத்தில் கணக்கு மாறுகிறது. 8 சதவீத ஏற்றத்தில் 15 கிமீ வேகத்துக்கு 300 வாட் போகிறது என்றால், அதில் காற்றுக்குப் போவது 15 வாட்கூட இல்லை. ஏற்காட்டின் 20 ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ உங்களைவிட இலேசானவர் வீலைப் பிடிக்கப் போராடுவது வீண். சொந்த வேகத்தில் போங்கள், கீழே இரண்டு நிமிடம் வீரம் காட்டினால் மேலே இருபது நிமிடம் கட்டுவீர்கள். ஆனால் மேம்பாலம், சின்ன மேடு அப்படி இல்லை. 3 சதவீதத்தில் 30 கிமீ போனால் காற்றுக்கு 110 வாட் போகிறது, வீலை விடக் கூடாது. இங்கே ஒரு பழைய தந்திரம் உண்டு. மேட்டை ஐந்தாவது ஆளாகத் தொடங்கி, மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறி, உச்சியில் இருபத்தைந்தாவது ஆளாக இருங்கள். குரூப்பை விடவும் இல்லை, 30 வாட் மிச்சம். உச்சி தாண்டியதும் முன்வரிசை வேகம் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கடைசி 20 மீட்டரில் கியர் ஏற்றித் தயாராக இருங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் பந்தயத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. 25 கிராம் மாவுச்சத்துள்ள ஜெல் ஒன்று, 35 கிராம் சர்க்கரையும் உப்பும் கரைத்த பாட்டில் ஒன்று என்றால் சரியாகிவிடும். கடலோர ஈரப்பதத்தில் மணிக்கு 750 மிலி தண்ணீர் குறைந்தபட்சம். முதல் வாய் 20 நிமிடத்துக்குள் உள்ளே போக வேண்டும். பசி எடுத்தபின் சாப்பிட்டது பந்தயம் முடிந்தபின்தான் உதவும். பாக்கெட்டின் மூலையை முந்தின இரவே கொஞ்சம் கிழித்து வையுங்கள்.

இனி அட்டாக். பின்வாங்காமல் ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு அட்டாக்கையும் துரத்துபவர் அடுத்தவருக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர். தனியாக ஒருவர் 30 கிமீ மிச்சம் இருக்கும்போது பாய்ந்தால் விட்டுவிடுங்கள். அவர் 36-ல் போனால் குரூப் 40-ல் போகும், கிலோமீட்டருக்குப் பத்து விநாடி அவர் இழப்பார். 30 விநாடி முன்னிலை மூன்று கிலோமீட்டரில் காலி. ஆனால் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் கதை வேறு. 40 கிமீயில் முன்னால் இருப்பவருக்கு 315 வாட், பின்னால் இருக்கும் மூவருக்குத் தலா 225 அல்லது 230. சமமாகச் சுற்றினால் ஆளுக்குச் சராசரி 250, அதாவது சரியாக உங்கள் எஃப்டிபி. அந்தக் கூட்டணியில் உங்களுக்கு வெற்றி வாய்ப்பு இருக்கிறது. 50 பேர் ஸ்பிரின்ட்டில் ஏற்கெனவே இருபதாவதாகத்தான் வருகிறீர்கள். உங்களைப் போன்ற நீண்ட நேரம் சீராக ஓட்டக்கூடியவர் தேட வேண்டியது நான்கைந்து பேர் பிரேக்கைத்தான் (break, குரூப்பிலிருந்து பிரிந்து முன்னால் போகும் சிறு கூட்டம்).

எந்தப் பிரேக் நிலைக்கும்? முன்னால் போனவர்களில் பெரிய கிளப்புகளின் ஆட்கள் எல்லோரும் இருந்தால் நிலைக்கும், ஏனென்றால் பின்னால் துரத்த ஆள் இருக்காது. ஒரு கிளப் விடுபட்டிருந்தால் அந்தக் கிளப் துரத்தும். உங்கள் கிளப் ஆள் முன்னால் இருந்தால் நீங்கள் துரத்தாதீர்கள் என்று எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனால் அமெச்சூர் பந்தயங்களில் இது வாராவாரம் நடக்கிறது. கேப் 10, 15 விநாடிக்குள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 25 விநாடி ஆகிவிட்டால் தனியாகத் துரத்துவது நடுவில் தொங்குவதில்தான் முடியும். நீங்களே பாய்வதாக இருந்தால், முந்தைய அட்டாக் பிடிபட்டு எல்லோரும் மூச்சு வாங்குகிற அந்தக் கணம்தான் நேரம். எட்டாவது, பத்தாவது இடத்திலிருந்து, பக்கவாட்டில், அவர்களைவிட மணிக்கு பத்து கிமீ கூடுதல் வேகத்தில் கடந்து போங்கள். முதல் ஆளாக இருந்துகொண்டு பாய்ந்தால் பின்னால் இருப்பவரைச் சுமந்துகொண்டுதான் போவீர்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் 137 கிமீ பெண்கள் ரோட் ரேஸ், 2021 ஜூலை 25, இதற்கெல்லாம் நல்ல பாடம். தொழில்முறை அணி எதிலும் இல்லாத ஆஸ்திரியக் கணிதவியலாளர் அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே நான்கு பேரோடு பிரிந்தார், முன்னிலை ஒரு கட்டத்தில் 10 நிமிடம் தாண்டியது, கடைசி 40 கிமீ வாக்கில் தனியாகவே ஓட்டி 1 நிமிடம் 15 விநாடியில் வென்றார். பின்னால் இருந்தவர்கள் அவரைவிடப் பலம் குறைந்தவர்கள் அல்லர். யார் துரத்துவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பிக்கில் அணியோடு பேச ரேடியோ கிடையாது, முன்னால் யார் இருக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டாவதாக வந்த அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தானே ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கை தூக்கினார். உங்கள் பந்தயத்திலும் ரேடியோ இல்லை. முன்னால் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே இருங்கள்.

குரூப்பாகவே கடைசி வந்தால், ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது முதல் பத்து, ஒரு கிலோமீட்டரில் நான்காவது அல்லது ஐந்தாவது இடம். ஸ்பிரின்ட் தொடங்குவது எதிர்காற்றில் 150 மீட்டர், காற்றில்லாத நாளில் 200, பின்காற்றில் 250 தாண்டலாம். இந்தத் தூரத்தைக் கண்ணால் ஊகிக்காதீர்கள். வார்ம்-அப்பில் முடிவுக் கோட்டிலிருந்து திரும்பி அளந்து, ஒரு விளம்பரப் பலகையையோ மின்கம்பத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். கியரும் முன்பே முடிவாகட்டும். 42 கிமீயில் 50-க்கு 14 என்றால் கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை மிதிச்சுற்று என்பது) 93, எழுந்து நின்று மிதிக்கத் தோதான கனம். 110-ஐத் தொடும்போது வேகம் 50-ஐ நெருங்கியிருக்கும், அப்போது 13. தொடக்கத்திலேயே 12, 11 என்று போட்டுவிட்டால் கியர் சுற்றாது, முன்னால் இருப்பவர் இரண்டு வண்டி நீளம் எடுத்துவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு ஓட்டாதீர்கள், நேர்ப்பாதையை விட்டு விலகாதீர்கள். முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை கை ஹேண்டில்பாரில் இருக்கட்டும். இத்தாலியின் மிலான்-சான்ரேமோ பந்தயத்தில், 2004-ல், எரிக் ஸாபெல் கை தூக்கிய இடைவெளியில் ஆஸ்கர் ஃப்ரைரே சக்கரத்தை முன்னால் தள்ளி ஜெயித்தார்.

அடுத்த பந்தயம் முடிந்ததும் பவர் ஃபைலை (பவர் மீட்டரின் பதிவை) திறந்து 350 வாட்டுக்கு மேல் 15 விநாடி தாண்டிய இடங்களை எல்லாம் குறியுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சொல் எழுதுங்கள்: யூ-டர்ன், கேப், ஏறியது, துரத்தியது, அட்டாக், ஸ்பிரின்ட். முதல் நான்கில் எத்தனை விழுகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த மாதப் பயிற்சியில் வாரம் ஒரு நாள் இன்டர்வலை (இடைவெளி விட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சியை) விட்டுவிட்டு, போக்குவரத்து இல்லாத ஒரு சாலையில் ஆறேழு பேராக யூ-டர்ன் மட்டும் இருபது முறை போடுங்கள், ஒவ்வொரு முறையும் வரிசையில் இடம் மாற்றி.